மழையும் இளைப்பும்

(மதுரையில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



ஐப்பசி மழை இறங்கினால் நம் மதுரையிலும், மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் இளைப்பு வியாதி தலைதூக்குகின்றது. மார்கழிப் பனியில் இன்னும் கடுமையாகின்றது. காரணம் கேட்டால் தலைவிதி என்கிறார்கள். அப்படியானால் விதியானது மழைக்கும் பனிக்கும் மாத்திரம் வந்து, மற்றக் காலத்தில் ஓய்வெடுத்துக் கொள்ளுமா என்று கேட்கிறோம்.

உண்மைக் காரணம் சாதாரணமானது. இளைப்புக்காரரின் மூச்சுக்குழல் உள்ளுக்குள் அழற்சி கண்டு வீங்கியிருக்கின்றது. குளிர்காற்றோ, மகரந்தமோ, ஈரச்சுவரின் பூஞ்சணமோ, சளிக்காய்ச்சலோ தாக்கினவுடன் குழலைச் சுற்றிய தசை இறுகிச் சளி அடைக்கின்றது. பனிக்காலையில் புகை மேலே போகாமல் தரையோடு தங்குகின்றது. அந்தச் சமயம் பார்த்துத்தான் போகி என்று டயரைக் கொளுத்துகிறோம்!

2016 நவம்பர் 21ந் தேதி ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரில் இடிமழை வந்தது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுண்தூளாகி மூச்சில் புகுந்தது. சுமார் 30 மணி நேரத்தில், வழக்கத்துக்கு மேல் 3,000க்கும் அதிகமானவர்கள் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். ஆம்புலன்ஸ் வண்டிகள் போதவில்லை. 10 பேர் மாண்டார்கள். அதற்கு முன் இளைப்பே அறியாதவர்களும் அன்று திணறினார்கள்.

அந்நாட்டார் யாகம் செய்தார்களா? இல்லை. 2017லேயே மகரந்தத்தை எண்ணி, வானிலையைக் கணித்து, முன்கூட்டி எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நாமோ மிருகசீரிட நாளில் ஐதராபாத்துக்கு ரயிலேறி உயிர்மீனை விழுங்குகிறோம்! மீன் போவது இரைப்பைக்கு. வியாதி இருப்பதோ மூச்சுக்குழலில்.

மந்திரித்த கயிற்றை நம்பி நடுநிசி வரை காத்திருந்து, உதடு நீலம் பாய்ந்த பிறகு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் என்ன செய்வார்? மழை இரவில் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தால் கட்டிலுக்கும் பிராணவாயுவுக்கும் எங்கே போவது?

ஆகவே தோழர்களே, டாக்டர் கொடுக்கும் தடுப்பு இன்ஹேலரை, சுகமாயிருக்கும் நாளிலும் விடாமல் இழுக்க வேண்டும். மழைக்கு முன்பே மருந்து கையிலிருக்க வேண்டும். "அது பழக்கமாகிவிடும்" என்பது வெறும் புரளி. பெண்ணுக்குக் கலியாணம் தடைப்படும் என்று இன்ஹேலரை மறைக்கிறீர்களே, மூச்சை விடவா மாப்பிள்ளை பெரிது? ஒரு வாக்கியம் முழுதும் பேச முடியாமல் திணறினால் தாமதியாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மழையால் சாவதை நிறுத்த நம்மால் ஆகும்.