நெருப்பும் நம் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டு, ஹஸ்தேவ் ஆற்றின் கரையிலுள்ள இக்கோர்பா நகருக்கு நம்மை அழைத்து வந்தது நிலக்கரி. நம் வீட்டில் உலை கொதிப்பதும், நம் மக்கள் கல்வி பெறுவதும் அதனாலேயே. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் மரபு. ஆதலின், நிலக்கரிப் புகையால் உலகம் வெப்பமடைகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் வாய்மூடி இருந்துவிடுகிறோம். அந்த மௌனம் நன்றியாகுமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

அமெரிக்க எண்ணெய் நிறுவனமாகிய எக்ஸானின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. எரிபொருள்களை எரிப்பதால் புவியின் வெப்பம் உயரும் என்று அந்நிறுவனத்து விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், 1977ஆம் ஆண்டிலேயே நிர்வாகக் குழுவினர் முன் எடுத்துரைத்தார். பின்னர் அந்நிறுவனத்தின் அறிஞர்களே கணக்கிட்டும் பார்த்தனர். அக்கணிப்புகளில் பெரும்பாலானவை பலித்தன என்று 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆயினும், இவ்வறிவியலின்மீது ஐயத்தை வளர்க்கும் விளம்பரங்கள் அந்நிறுவனத்தின் பெயரால் வெளிவந்தன. 2015இல் பத்திரிகையாளர்கள் பழைய ஆவணங்களை வெளிக்கொணர்ந்தனர். தாம் எதையும் மறைக்கவில்லை என்பது நிறுவனத்தாரின் மறுமொழி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இயலுமா?

நம் நாட்டின் நிலை வேறு என்பர், உண்மையே. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியால் பிறப்பது. ஒரே நாளில் அதைக் கைவிட இயலாது. 2070க்குள் நிகரப் புகையற்ற நிலையை எய்துவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு உறுதி கூறியதும் அதனாலேயே. ஆனால், நியாயமான வாதம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் கேடயமாகிவிடலாகாது.

பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். அதனால் பள்ளிகள் எழுகின்றன, மருத்துவமனைகள் எழுகின்றன. போற்றுவோம். ஆயின், எஞ்சிய 98 விழுக்காடு எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதும் அறத்தின் கேள்வியன்றோ? கொடை வேறு, கணக்கு ஒப்புவித்தல் வேறு.

நம்மிடையே பொறியாளர் உண்டு, கணக்கர் உண்டு. புகையின் அளவும் சாம்பலின் அளவும் அறிந்தவர்கள் நாம். அறிந்ததை அறிந்தபடி சொல்வதே நாம் பணிபுரியும் தொழிலுக்குச் செய்யும் உண்மையான நன்றி. சுரங்கங்கள் ஒருநாள் மூடப்படும்போது ஒப்பந்தக் கூலிகளின் கதி என்ன என்று இன்றே கேட்பதும் நம் கடமை. நமக்கு ஊர் திரும்ப இரயில் உண்டு. இம்மண்ணின் மக்களுக்கு இதுவே ஊர்.

அன்பர்களே! நமக்கு உப்பிட்டது தொழிற்சாலை மட்டுமன்று; இந்த மண்ணுந்தான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!