கிரகணமும் கண்ணும்
(கடம்பூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2010 ஜனவரி 15 அன்று குமரி, ராமேசுவரம் வட்டாரத்தில் நடுப்பகல் தாண்டிச் சூரியன் வளையமாய்த் தெரிந்தது. ராகுவும் விழுங்கவில்லை, கேதுவும் விழுங்கவில்லை. சந்திரன் குறுக்கே வந்தது, அவ்வளவுதான்! 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் மீண்டும் வளையக் கிரகணம்.

கர்ப்பிணியைப் பட்டினி போட்டு இருட்டறையில் அடைக்காதீர்கள். ஆபத்து வயிற்றுக்கல்ல, கண்ணுக்கு! சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். வலிக்காது, அதுதான் மோசம். கரி பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், சாணித் தண்ணீர் எதுவும் காக்காது. 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வழியே பார்க்கலாம். குறைந்த எண் கூடாது.

காசில்லையா? அட்டையில் குண்டூசித் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளில் ஒளியை விழச் செய்தால், 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரியன் தெரியும். வேப்பமர நிழலிலும் அதே பிறைகள் தரையில் விழும். படம் பிடிக்க அதுவே உத்தமம். காமிராவைச் சூரியன் பக்கம் திருப்பினால் லென்சுக்கு முன்னால் சூரிய வடிகட்டி வேண்டும். இல்லாவிட்டால், பூதக்கண்ணாடி பஞ்சைப் பற்றவைக்கும் கதைதான்.

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். காமிராவை ஆடாமல் நிறுத்தி, ஓரிரு வினாடி திறந்து வைத்தால் செம்பு நிறச் சந்திரன் படத்தில் விழும்.

ஆலையில் அறுந்த இழையை ஒட்டவும், கரிசலில் களையைப் பிரித்தறியவும் கண்தான் வேண்டும். உழைக்கிறவனுக்கு அதுதான் சொத்து. பயத்தை விடுங்கள், கண்ணைக் காத்து, பிள்ளைகளோடு வெளியே வந்து பாருங்கள்!