தில்லி – சான் பிரான்சிஸ்கோ: வான்வழித் தொலைவும் பயண நேரமும்



தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே புவிப்பரப்பின் மீது அளந்தால் மிகக் குறுகிய தொலைவு ஏறக்குறைய 12,400 கிலோமீட்டர். பெருவட்டப் பாதை எனப்படும் இவ்வழி, சைபீரியாவின் மேல் சென்று வடதுருவக் கடலைத் தொட்டு இறங்குகிறது. ஆயினும் விமானங்கள் இத்தொலைவில் பறப்பதில்லை.

2016 அக்டோபர் வரை ஏர் இந்தியா விமானம் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் கடல் வழியே சென்றது. அவ்வழி சுமார் 13,900 கிலோமீட்டர். அம்மாதம் முதல் கிழக்கு நோக்கிப் பசிபிக் கடலைக் கடந்தது. தொலைவு 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணியாயிற்று!

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதே இதற்குக் காரணம் எனச் சிலர் கருதுவர். அது பிழை. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. உண்மைக் காரணம், சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்தோடும் காற்றோட்டம். மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானத்தை அது பின்னின்று தள்ளுகிறது; எதிர்த்துச் சென்றாலோ தடுக்கிறது. 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 1,050 கிலோமீட்டருக்கு மேல் வருவதை மாணவர்கள் கணக்கிட்டுக் காணலாம்.

கடிகாரம் காட்டுவது வேறொரு கணக்கு. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நேரம் இந்திய நேரத்திற்குப் பன்னிரண்டரை மணி பிந்தியது. விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுபவர், இடையே தேதிக் கோட்டைக் கடந்து, அதே தேதியில் காலை 6 மணிக்கு இறங்கிவிடுவார்.

குறுகிய வழியை மறிப்பவற்றுள் திபெத்தியப் பீடபூமியும் ஒன்று. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகள் மூச்சுவிட ஏதுவாகச் சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். பீடபூமியின் தரையே சராசரி 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது.

மலையைவிடக் கடினமான தடை அரசியலே. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டிற்கும் தன் வான்வெளி மீது முழு இறைமை உண்டு. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடிற்று. தில்லியிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் தெற்கே வளைந்து அரபிக் கடல் வழியே செல்ல நேர்ந்தது. மிகுதி எரிபொருள் ஏற்றினால் எடை கூடும். எடை கூடினால் பயணிகளைக் குறைக்க வேண்டும், அல்லது இடையில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். அவ்வாண்டு ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் ரூ. 491 கோடி இழப்பு என மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. அம்மாத நடுவில் வழி திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அது மீண்டும் அடைபட்டது.