வடக்கா, தெற்கா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம். தலைப்பு, இறுதியாண்டு மாணவர்கள் கேட்ட கேள்விதான்: "சார், பரீட்சை முடிஞ்சதும் முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு, கையில இருக்கிற பணத்துல ஒரு வெளிநாடு பார்த்துட்டு வரணும். நேபாளமா, இலங்கையா?" இரண்டு நாட்டுக்கும் போய் வந்தவன் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

இந்த இரண்டு திசையும் நமக்குப் புதிதல்ல. 108 திவ்ய தேசங்களில் முதலாவது நம்ம ஸ்ரீரங்கம். அதே வரிசையில் சாளக்கிராமம் எனப்படுவது நேபாளத்து முக்திநாத். பெரிய பெருமாளோ விபீஷணனுக்காக இலங்கையைப் பார்த்துத் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார் என்கிறது தலபுராணம்.

முதலில் காகிதம். நேபாளத்துக்கு நமக்கு விசா கிடையாது, பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போய் நிற்காதீர்கள். இலங்கைக்குப் பாஸ்போர்ட் வேண்டும், கிளம்புமுன் இணையத்தில் பயண அனுமதியும் வாங்க வேண்டும். அதன் கட்டண விதி அடிக்கடி மாறுகிறது, அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

அடுத்து வழி. நேபாளம் என்றால் கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பஸ்ஸில் சுனௌலி எல்லை, பிறகு ஒரு பகல் பூராவும் மலைப்பாதை. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குத் திருச்சியிலிருந்தே கொழும்புக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடல் பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்திவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

மூன்றாவது பணம். இங்கேதான் பலர் கணக்குப் போடுவதில் சறுக்குகிறார்கள். நேபாளத்தில் நம்ம 100 ரூபாய்க்கு 160 ரூபாய். 1993 முதல் இதே விகிதம். இலங்கையில் 300-க்கு மேல் கிடைக்கும். "ஆஹா, இலங்கைதான் மலிவு!" என்று துள்ளாதீர்கள். ரூபாய் எத்தனை கிடைக்கிறது என்பதல்ல, அதில் என்ன வாங்க முடிகிறது என்பதுதான் கணக்கு. சிகிரியாக் குன்று ஏற வெளிநாட்டவருக்கு 30 டாலருக்கு மேல். சார்க் நாட்டவர் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஏறக்குறைய பாதி. இதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகக் கொடுக்க மாட்டார்கள். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைப் பகுதிக்கான அனுமதிக் கட்டணத்திலும் இதே சலுகை உண்டு.

நான்காவது பருவம். நம்ம விடுமுறை மே மாதம். அப்போது இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் மழை தொடங்கும். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் வறண்டு நன்றாக இருக்கும். மலைநாட்டு ரயில் பாதை 2025 நவம்பர் டித்வா புயலில் பலத்த சேதம் அடைந்தது. அதையும் விசாரியுங்கள். நேபாளத்தில் ஜூன் வந்தால் மழையும் நிலச்சரிவும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். மலைக்கோட்டை 83 மீட்டர், முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். உச்சிப் பிள்ளையாரை ஒரே மூச்சில் ஏறியவன் என்ற வீராப்பு அங்கே செல்லாது. நடுவழியில் தங்கித் தங்கித்தான் ஏறணும்.

ஆக, என் முடிவு இது. கையில் இரண்டு வாரமும், பனிமலை பார்க்கும் ஆசையும் இருந்தால் நேபாளம். கொஞ்சம் இந்தி தேற்றிக்கொண்டு போங்கள். ஒரு வாரம்தான் என்றால் இலங்கை. முதல் பயணத்துக்கு நான் இலங்கையைத்தான் சொல்வேன். மொழி தெரிந்த ஊரில் வழி கேட்கலாம், விலை பேசலாம், அதைவிட முக்கியமாக, கதை கேட்கலாம். நம்ம ஜில்லாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே மலையகத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து ஓடி வந்தவர்கள் இங்கே நம்ம விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறார்கள். அந்த முகாமிலேயே பிறந்து, நம்மைப் போலவே தமிழ் பேசி, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் வளர்ந்தவர்கள் உண்டு. விமானம் தலைக்கு மேலே போவதைத் தினமும் பார்க்கிறார்கள். கொழும்பு விமானத்தில் ஏறும்போது ஒரு நிமிடம் அதை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள அந்தச் சின்னப் புத்தகத்தின் அருமை புரியும்.

கடைசியாக என் வயது நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அலுவலகம் திருச்சியிலேயே இருக்கிறது. அந்தத் தொகைக்கு யோசிக்கிற பிள்ளைகள் நம்ம கல்லூரியில் இருக்கிறார்கள். இன்று வந்திருக்கும் நாம் ஆளுக்கு ஒரு மாணவருக்கு, முக்கியமாக "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி வெளிநாடு?" என்று வீட்டில் கேட்கப்படும் மாணவிக்கு, அந்தக் கட்டணத்தைக் கட்டினால் என்ன? முதல் ரசீது என்னுடையதாக இருக்கட்டும். செயலாளர் அவர்கள் மேடையிலேயே பெயர் எழுதிக்கொள்ளலாம்.