டாக்டர் சௌரிமுத்துவும் தாம்பரம் க்ஷயரோக நிலையமும்
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாம்பரத்திற்கு ரயிலேறிச் செல்வோர் 'சானடோரியம்' என்னும் நிலையப் பெயரை நாள்தோறும் காண்கின்றனர். அப்பெயர் வந்த வரலாற்றை வினவுவோர் சிலரே. அதனைக் கூறி, அதனோடியைந்த நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் விண்ணப்பித்துக்கொள்ள யாம் முன்வந்தோம்.

டாக்டர் டேவிட் சௌரிமுத்து தென்னிந்தியர். சீமையில் வைத்தியம் பயின்றவர். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்கென ஒரு நிலையத்தை நடத்தினார். கணித மேதை இராமானுஜன் 1914-இல் சீமைக்குச் சென்ற கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917-இல் இராமானுஜன் நோயுற்றபோது அந்நிலையத்திலேயே சிறிது காலம் தங்கினார். 1910-இலும் 1922-இலும் சௌரிமுத்து க்ஷயரோகத்தைப் பற்றி ஆங்கில நூல்கள் வெளியிட்டார்.

இந்நோயை விளைக்கும் கிருமியை ஜெர்மானியராகிய கோக் என்பார் 1882-இலேயே கண்டறிந்து உலகிற்கு அறிவித்திருந்தார். ஆயினும் அதனைக் கொல்லும் மருந்து அக்காலத்தில் இல்லை. ஆதலின் தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, அளவான உழைப்பு ஆகியவையே சிகிச்சையாயின. அம்முறையைத் தாய்நாட்டிலும் நிறுவக் கருதி, சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் ஒரு நிலையம் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றது. இன்று அஃது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகின்றது.

நிற்க. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் தோன்றிய பின்னர், 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்டோரும் நிலையத்திற் கிடந்து மருந்துண்டோரும் ஏறக்குறைய ஒருபடியாகவே குணமடைந்தனர் என்று அதன் ஆய்வு 1959-இல் உலகிற்கு உணர்த்திற்று. அங்ஙனமாயின் சௌரிமுத்துவின் உழைப்பு வீணோ? அன்று. வீடு புறந்தள்ளிய நோயாளிக்கு அவர் இடமளித்தார். 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பலரும் தீண்ட அஞ்சியபோது, அவர்களை ஏற்றதும் அதே தாம்பரம் மருத்துவமனையே. சிகிச்சை முறை மாறினும் அவ்விடத்தின் அறம் மாறவில்லை.

இனி எம் வீட்டுச் செய்தி. எம் சிறிய தந்தையார் பல மாதம் இருமினார். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 'வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறியும்' என்று குடும்பத்தார் மறைத்தோம். யாமும் வாய்மூடி இருந்தோம். திருமணம் நிறைவேறிய பின்னரே வைத்தியரிடம் சென்றோம். உயிர் பிழைத்தார்; ஆயினும் ஒரு நுரையீரல் பெரிதும் பழுதாயிற்று. இன்றும் அவர் மாடிப்படி ஏறி மூச்சிரைக்குந்தோறும் எம் மனம் எம்மைச் சுடுகின்றது.

அன்பர்களே! இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்தல் வேண்டும். அரசு மருத்துவமனைகளிற் சோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்து போதும். இடையில் நிறுத்தல் ஆகாது. முறையாக மருந்துண்ணத் தொடங்கினால், பிறர்க்குப் பரவும் அச்சமும் விரைவிற் குறையும்.

நோயினும் கொடியது அதனை மறைக்கச் செய்யும் அச்சம். அவ்வச்சத்தை விளைப்போர் அயலாரல்லர். ஜாதகப் பொருத்தம் பார்க்குங்கால் 'அந்த வீட்டில் இருமல் உண்டாமே' என்று முணுமுணுக்கும் நாமே. ஆதலின், க்ஷயரோகம் காரணமாக எவ்வீட்டுச் சம்பந்தத்தையும் விலக்குவதில்லை என இச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென யாம் பிரேரேபிக்கின்றோம். பெரியோர்கள் ஆமோதிப்பார்களாக!