டெர்மினலையே கேளுங்கள்



1970-களின் பிற்பகுதியில் யூனிக்ஸ் கணினி ஒன்றைப் பலர் பகிர்ந்து வேலை பார்த்தார்கள். ஆளுக்கொரு டெர்மினல்: ஒரு திரை, ஒரு விசைப்பலகை. சிலருக்கு லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. சிலருக்கு 1978-இல் வந்த விடி100. திரையைத் துடைக்கவும் கர்சரை நகர்த்தவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடுகள். அவற்றையெல்லாம் ஒரே கோப்பில் தொகுத்தார் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பில் ஜாய். டெர்ம்கேப் என்று அதற்குப் பெயர்.

ஆனால் எதிரே இருப்பது எந்த டெர்மினல் என்று கணினிக்குத் தெரிந்தால்தானே அந்தக் கோப்பு பயன்படும்? கம்பி நேராக வந்தால் சிக்கலில்லை, எந்தக் கம்பியில் எது என்று முன்பே எழுதி வைத்துவிடலாம். தொலைபேசி வழியே மோடத்தில் வருபவரிடம் எதுவும் இருக்கலாம். தவறான பெயர் கொடுத்தால் எடிட்டரைத் திறந்தவுடன் திரை முழுக்கக் கிறுக்கல்தான். புதிதாக வந்த மாணவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார். அதுதான் எனக்கு வருத்தம்.

பெர்க்லியில் எழுதப்பட்ட டிசெட் என்ற நிரல், உள்ளே நுழையும்போது ஓடும் லாகின் கோப்பில் இருந்துகொண்டு, "இதுதானே உங்கள் டெர்மினல்?" என்று ஒரு பெயரைக் காட்டிக் கேட்டது. சரி என்றால் என்டர் தட்டினால் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி, டெர்மினலையே கேட்பது. எஸ்கேப், இடது சதுர அடைப்பு, சின்ன சி: இந்த மூன்று எழுத்துகளை அனுப்பினால் விடி100 தன் அடையாளத்தைத் தானாகவே திருப்பி அனுப்பும். லாகின் கோப்பில் உள்ள ஸ்கிரிப்ட் அதைப் படித்து, 'டெர்ம்' என்ற மாறியில் உரிய பெயரை வைத்துவிடும். மனிதரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

இந்த ஸ்கிரிப்டை எழுதுபவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எதிரே உண்மையிலேயே டெர்மினல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோப்பு நகலெடுக்க மட்டும் வரும் இணைப்பில் இந்தக் கேள்வி போனால் நகலே கெட்டுப்போகும். அடுத்து, பதிலுக்கு அரை நொடிக்கு மேல் காத்திருக்காதீர்கள். பதில் சொல்லத் தெரியாத பழைய டெர்மினலும் உண்டு. அதன் முன் இருப்பவர் உள்ளே வர முடியாமல் நிற்கக் கூடாது.

இன்று எஸ்எஸ்எச் வழியே நுழைந்தால் டெர்மினலின் பெயர் கூடவே போய்விடுகிறது. சீரியல் கேபிளில் அந்த வசதி இல்லை. சர்வரையோ ராஸ்பெரி பையையோ அப்படி இணைப்பவருக்கு, திரையில் எத்தனை வரி என்பதைக்கூட இந்த ஸ்கிரிப்ட்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.