இருநூறு மணித்தியாலம்



வெள்ளவத்தையில் நூறாம் இலக்க பஸ் ஏறிக் காலி வீதியால் தெற்கே போனால், தெஹிவளையும் கல்கிசையும் கடந்து இரத்மலானை வரும். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் டகோட்டா விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். இன்றும் விமானியாக விரும்பும் பிள்ளைகள் அங்கே சிறு விமானங்களில் பழகுகிறார்கள்.

இதற்கொரு கணக்கு உண்டு. சர்வதேச விதிப்படி வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பொதுவாக 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும்; பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாக 1,500. வானிலை, வழியறிதல், விமானச் சட்டம் என எழுத்துப் பரீட்சைகள். கடுமையான வைத்தியப் பரிசோதனை. காணியை ஈடுவைத்தும் நகையை அடைவுவைத்தும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். அனுமதிப்பத்திரம் வேறு, உத்தியோகம் வேறு. 2020இல் கொரோனா வந்தபோது அனுபவசாலிகளே உலகெங்கும் வேலையிழந்தனர்.

அப்படியிருந்தும் ஏன் பறக்கிறார்கள்?

'குட்டி இளவரசன்' எழுதிய செந்த் எக்சுபெரி தபால் விமானியாக இருந்தவர். 1944 ஜூலை 31ஆம் திகதி வேவுப் பறப்புக்குச் சென்றவர் திரும்பவில்லை. அவருடைய எழுத்தில் வீரத்தைவிடப் பொறுப்பே பெரிது. தான் சுமந்து செல்வது யாரோ ஒருவர் காத்திருக்கும் கடிதம் என்ற நினைப்பு அது.

பயிற்சியும் அதையே கற்பிக்கிறது. ஆசிரியர் இறங்கிக்கொள்ள, மாணவர் முதன்முறையாகத் தனியே மேலெழும்புகிறார். முன்னே வானம் கறுத்தால் திரும்பிவிடும் முடிவும் இனி அவருடையதே.

எத்தனை மணித்தியாலம் பறந்தாய் என்று பிள்ளையிடம் கேட்கிறோம். மழைக்கோலம் கண்டு எத்தனை தரம் திரும்பி வந்தாய் என்றும் கேட்போம்.